மூட்டத்தில் இரண்டு சிவப்பு விளக்குகள்

எங்களுக்குக் கல்யாணமான வருஷம், ஆயுத பூசைக்கு முதல் நாள் என் மனைவி செய்த காரியத்தை இன்று சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் அவள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. கேமரன் மலையில் ஒரு தேயிலை ஆலையில் நான் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர். யாரோ ஓட்டிச் சலித்த பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். ஒரே தடவையில் ஸ்டார்ட் ஆகிவிட்டால் அன்றைக்கு எனக்குத் திருநாள்.

அவள் கீழே, மலையடிவாரத்து ஊரான தாப்பாவுக்கு அப்பால், ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பூசைக்காகக் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து முடித்தாள். கை சும்மா இருக்குமா? அதே நாரோடு வாசலுக்கு வந்து, காரின் பின்பக்கத்துச் சிவப்பு விளக்குகளையும் ஒரு கை பார்த்துவிட்டாள். ஆலையிலிருந்து நான் வந்தபோது, காருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் பெருமையாக நின்றாள். குத்துவிளக்கு மின்னியது. காரின் விளக்குகளோ கஞ்சியில் ஆடை படிந்தது மாதிரி வெளுத்துக் கிடந்தன.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "பித்தளைன்னு நெனச்சியா? இது பிளாஸ்டிக்லா!" என்று கத்தினேன்.

"அழுக்கா இருந்துச்சுங்க. பூசை நாள்ல எப்படி அப்படியே விடுறது?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு, பின்னால் நின்று அவளையே பார்க்கச் சொன்னேன். சும்மாவே அந்தக் காரின் விளக்கு அழுமூஞ்சி. இப்போது அந்த வெளிச்சமும் கீறல்களுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அடுத்து வருவது எங்கள் தலைதீபாவளி. அவள் அம்மா வீட்டில் கொண்டாட வேண்டியது. அவள் அப்போது முழுகாமல் இருந்தாள். மலைப்பாதை வளைவுகளில் பஸ் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும்; கார் என்றால் நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் அது மழை மாதம். பட்டப்பகலிலேயே பனிமூட்டம் இறங்கும். பின்னால் வரும் காய்கறி லோரிக்கு எங்கள் கார் தெரிய வேண்டுமே. இந்த விளக்கோடு உன்னை ஏற்றிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் உள்ளே போனாள். அம்மாவுக்கென்று எடுத்து வைத்திருந்த தேயிலைப் பொட்டலத்தை மறுபடி அலமாரியில் வைத்தாள். அதைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பக்கத்து ஊர்களான தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் அந்த விளக்குகளுக்குப் புது பிளாஸ்டிக் மூடி உண்டா என்று கடை கடையாகக் கேட்டேன். "இந்தக் கெரெத்தாவுக்கா? இன்னுமா ஓடுது?" என்று காரைக் காட்டிச் சிரித்தார்கள். ஆகவே அந்த இரண்டு மூடிகளையும் திருகாணி கழற்றி எடுத்து வந்து, பேசினில் தண்ணீர் வைத்து உட்கார்ந்தேன். ஆலையில் இருந்ததிலேயே மிக மென்மையான உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். கேட்காமலே வந்து இன்னொரு மூடியை அவள் எடுத்துக்கொண்டாள்.

தேய்க்கத் தேய்க்க முதலில் இன்னும் வெளுத்தது. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"அப்படித்தான் இருக்கும். கீறல் போனப்புறம்தான் பளபளப்பு வரும். அழுத்தாம தேய்" என்றேன்.

தினமும் வேலை முடிந்து வந்ததும் இதே வேலைதான். கீறல் மறைந்த பிறகு, பழைய வேட்டித் துணியில் பல்பசையைத் தடவி வட்டமாகத் தேய்த்தோம். "காருக்குப் பல் தேச்சு விடுறோம், நமக்கு முன்ன இதுக்குத்தான் பசியாற வைக்கணும்" என்று சொல்லி அவள் சிரித்தாள். நான் கத்திய நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். எனக்கு அந்தக் காரையே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, மத்தியானமே நல்ல மூட்டம். மூடிகளை மாட்டிவிட்டுத் தோட்டத்துச் சாலையில் காரை நிறுத்தினேன். என்ஜினை ஓடவிட்டு நான் பிரேக்கை மிதிக்க, அவள் சாலையோரமாகப் பின்னால் நடந்து போனாள்.

"தெரியுதா?"

"தெரியுதுங்க!"

கண்ணாடியில் அவள் நிழலானாள்; பிறகு அந்த நிழலும் மறைந்தது. மறுபடி கேட்டேன். "தெரியுது!" என்று மூட்டத்துக்குள்ளிருந்து சன்னமாக வந்தது. அடுத்த முறை கேட்டபோது பதில் இல்லை. உரக்கக் கூப்பிட்டேன். பதில் இல்லை. சாலையோரம் பள்ளம். பிரேக்கை விட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

எதிரே அவளும் மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க கால எடுத்தீங்க? வளைவுல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். தெரியுது தெரியுதுன்னு கத்துறேன், உங்களுக்குக் கேக்கல. திடீர்னு வெளக்கு போச்சு. உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு..." மேலே பேச முடியாமல் அழுதாள்.

அவள் கை இரண்டும் சில்லிட்டிருந்தன. பிடித்துக்கொண்டேன்.

"அவ்வளவு தூரத்துக்குத் தெரிஞ்சுச்சா?"

"ரெண்டும் தெரிஞ்சுச்சு" என்றாள். பிறகு மெதுவாக, "அம்மா வீட்டுக்குப் போலாம்லா?"

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்த தேயிலைப் பொட்டலத்தை எடுத்து நானே அவள் பையில் வைத்தேன்.