போர்த்தாத கம்பளி

கறுப்பு நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு, மூக்கருகே கொண்டுபோனால் ஆட்டு வாடை. தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் கொடுத்த அந்தக் கம்பளி இப்போது என்னிடம் இல்லை. ஆனாலும் தை பிறந்து குளிர் ஏறினால் முதலில் அதுதான் நினைவுக்கு வருகிறது, அதன் பின்னாலேயே என் மதினியும்.

மதினி என் அண்ணனைக் கட்டிக்கொண்டு டயகம தோட்டத்திலிருந்து, வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தவர். பிறவியிலேயே ஒரு கால் சற்றுக் குட்டை. கூடையைச் சுமந்து மலையேறிக் கொழுந்து பறிக்க அவரால் முடியாது. வந்த முதல் வருடம் வேலையில்லாமல் லயத்து ஒற்றை அறையான காம்பராவுக்குள்ளேயே கிடந்தார். “வீட்டுக்குக் காவலுக்கா கொண்டாந்திருக்கான்?” என்று லயத்தில் சிலர் பேசியது அவர் காதிலும் விழுந்தது. அப்படி இருக்கும்போதுதான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, தன் பங்களாவுக்குக் கீழே ஆற்றோரச் சமதரையில் பூத்தோட்டம் போட்டார். சமதரை என்ற ஒரே காரணத்துக்காக மதினி அங்கே போனார். போன ஒரு மாதத்தில் நாற்றுப்பெட்டிகள் எல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டன. நடும் காலத்தில் மட்டும் கொழுந்து மலையிலிருந்து எங்களில் ஏழெட்டுப் பெண்களை உதவிக்கு அனுப்புவார்கள். லயத்தில் நொண்டி என்று பேர் வாங்கியவர், பாத்திகளுக்கு நடுவில் எங்களை விரட்டி வேலை வாங்குவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் பெருமையுமாக இருக்கும்.

முதல் வருட நடவு ஒரே காலையில் போயிற்று. பொங்கல் முடிந்த கையோடு அஸ்டர் பூ நாற்றை நட்டோம். பத்தாம் நாள் விடிந்தபோது பாத்தியெல்லாம் வெள்ளைப்பனி. வெயில் ஏறியதும் நாற்றெல்லாம் வெந்த கீரையாகத் துவண்டு கிடந்தது. துரை கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு பாத்தி பாத்தியாக நடந்து பார்த்தார். அடுத்த வருடச் சித்திரைக் கடைசியில் அவர் மகளுக்கு நுவரெலியா மாதாகோயிலில் கல்யாணம் வைத்திருந்தார்கள். “அதுக்கு இங்கே பூ வரணும். பூ இல்லே, தேயிலே போடு” என்று தன் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். தேயிலை போட்டால் மதினி திரும்பவும் காம்பராவுக்குள் போக வேண்டியதுதான். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று அண்ணன் சொன்னான்.

மறு வருடம் பன்னிரண்டு பாத்தி நட்டோம். ஒரு சாயங்காலம் காற்று சுத்தமாக நின்று, வானம் ஒரு பொட்டு மேகமில்லாமல் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மதினி நிமிர்ந்து பார்த்தார். “தைப்பனி தரையைத் தொளைக்கும்னு சும்மாவா சொன்னாங்க. டயகமவுல இதைத்தான் பாத்துப் பாத்து வளந்தேன். விடியிறதுக்குள்ள விழுந்துரும்” என்றார். மூடுவதற்கு வெட்டி வைத்திருந்த மானாப்புல் நாலு பாத்திக்குக்கூடக் காணாது. உடனே காலை இழுத்து இழுத்து லயம் லயமாக ஏறினார், கம்பளி கேட்டு.

கம்பளி என்பது எங்களுக்கு மழைக்கும் அதுதான், படுக்கைக்கும் அதுதான். “பூவுக்குப் போத்திட்டு நாங்க எதைப் போத்திக்கிறதாம்?” என்று முதல் காம்பராவிலேயே கேட்டார்கள். “இன்னைக்கு ஒரு நாளைக்கு உங்க வீட்டுக்காரரைப் போத்திக்கங்க” என்றார் மதினி. கேட்டவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்க் கம்பளியோடு வந்தாள். அப்புறம் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கொடுத்துவிட்டார்கள்.

நான் கொடுக்கவில்லை. அந்த வாரம்தான் தோட்டத்தில் எனக்குப் புதுக் கம்பளி கிடைத்திருந்தது. அதற்கு முன்பு மூன்று வருடம் ஓட்டைக் கம்பளியோடு மழையில் நனைந்தவள் நான். மதினி வருகிற சத்தம் கேட்டதும் அதைச் சுருட்டி அரிசிப் பானைக்குப் பின்னால் திணித்தேன். “ஒன்னோடதும் வந்தா கடைசிப் பாத்தியும் மூடிரும் புள்ள” என்றார். “ஈரமா இருக்குங்க மதினி” என்றேன். அவர் பானைப் பக்கம் பார்த்தாரா இல்லையா என்று அப்போது தெரியவில்லை.

விடிந்து, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வந்த பெண்கள் எல்லாம் கம்பளி இல்லாமல் கைகட்டி நடுங்கிக்கொண்டு நின்றார்கள். கணக்கப்பிள்ளை ஏன் என்று கேட்க, எல்லோரும் ஒருசேரப் பள்ளத்தைக் காட்டினார்கள். கீழே மூங்கில் வளைவுகளின் மேல் கம்பளி போர்த்திப் பாத்திகள் படுத்திருந்தன. மேலே பனி, உள்ளே நாற்று பச்சையாக. கடைசிப் பாத்தி மட்டும் கருகிப்போயிருந்தது. எனக்கு அழுகை வந்தது. மதினி நாற்றுப்பெட்டியைத் துழாவினார். பெட்டியின் மூலையில் மிஞ்சியிருந்த நோஞ்சான் நாற்றுகளை ஒரு வாரம் தேற்றி அங்கே நட்டார். நானும் கூடவே குனிந்து நட்டேன், தலையை நிமிர்த்தாமல்.

சித்திரை வந்தது. பதினோரு பாத்தியும் பூத்து, துரை விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டினார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மத்தியானத்தில் இடி இடித்து ஆலங்கட்டி கொட்டியது. கால்மணி நேரம்தான். பூத்த பாத்தி பதினொன்றும் சகதியோடு சகதியாயின. பிந்தி நட்ட கடைசிப் பாத்தியில் செடி இன்னும் குட்டையாக, மொட்டும் இறுக மூடியபடிதான் இருந்தது. இலை கிழிந்ததே தவிரச் செடி சாயவில்லை. கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில் ஊதாவும் வெள்ளையுமாக அது பூத்து நின்றது. அத்தனையும் கோயிலுக்குப் போயிற்று. துரை தேயிலைப் பேச்சையே எடுக்கவில்லை.

கடைசிப் பூக்கட்டை வண்டியில் ஏற்றிவிட்டு மதினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “ஊரு கம்பளியெல்லாம் காப்பாத்தல. அரிசிப் பானைக்குப் பின்னால கெடந்த ஒன் கம்பளிதான் புள்ள காப்பாத்துச்சு” என்றார். எனக்கு மண்ணுக்குள் புதையலாம் போலிருந்தது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் நானும் சிரித்தேன்.

பல வருடங்கள் கழித்து இலங்கையிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புபவர்கள் பட்டியலில் அண்ணன் குடும்பத்தின் பேரும் வந்தது. நானு ஓயா ஸ்டேசனில் ரயிலேறும்போது, அன்றிலிருந்து நான் போர்த்தாமல் மடித்தே வைத்திருந்த கம்பளியை எடுத்து மதினியின் தோளில் போட்டேன். ஓரத்துச் சிவப்புக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஈரம் காஞ்சிருச்சா?” என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த தையில் நீலகிரியிலிருந்து கடிதம் வந்தது. அண்ணன் மகள் எழுதியது, பேச்சு மதினியுடையது. “இங்கயும் பனி விழுது. வாசல்ல நாலு அஸ்டர் நட்டிருக்கேன். ஒன் கம்பளி அதுகளுக்கு மேல கெடக்கு. நான் ஒங்க அண்ணனைப் போத்திக்கிட்டுக் கெடக்கேன்.”