வலைக்குள் தூங்கினாளா?

மலேரியாக் கணக்கு எடுக்க ஒரு பெண் எங்கள் குப்பத்துக்கு வந்தாள். சின்னக் குழந்தை இருக்கிற வீடும் பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடும்தான் வேண்டுமாம். என் வீட்டில் இரண்டும் உண்டு. மகளுக்கு இரண்டு வயது. வயிற்றில் ஐந்து மாதம்.

"நேத்து ராத்திரி பாப்பா கொசுவலைக்குள்ள தூங்குச்சாக்கா?"

"ஆமா."

"நீங்க?"

"நானுந்தான்."

"பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்போ ரத்தம் எடுத்தாங்களா?"

"மறுநாளே எடுத்தாங்க. அவங்க தந்த மாத்திரைய ஒண்ணு விடாம பாப்பாவுக்குக் குடுத்தேன்."

அவளுக்குச் சந்தோஷம். "எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா மலேரியாவே இருக்காதுக்கா."

"அப்ப பாப்பாவுக்கு ரெண்டாவது தபா ஏன் வந்துச்சு?" என்றேன்.

சொன்னேன். மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடியில் வீட்டு வேலை. சாயங்காலம் போனால் இருட்டித்தான் திரும்புவேன். மகளையும் கூட்டிப்போய் அங்கே படிக்கட்டுக்குக் கீழே பாய் போட்டுத் தூங்க வைப்பேன். பக்கத்தில் தரைத்தொட்டி. லாரித் தண்ணீருக்குக் குழாய் விட எடுத்த மூடியைத் திரும்ப வைக்கவே இல்லை. உள்ளே புழு நெளியும். கொசு மருந்துக்காரர்களை வாட்ச்மேன் கேட்டுக்குள் விடமாட்டார்.

"அத எழுதிக்கினு போம்மா."

"வீட்ல தூங்கறதத்தான் கேக்கணும்க்கா. மத்த எடத்துக்குக் கேள்வி இல்ல."

கதவில் சாக்பீசால் ஒரு டிக் போட்டாள். போய்விட்டாள்.

மறுநாள் நானே வீட்டம்மாவிடம் கேட்டேன். "அம்மா, அந்தத் தொட்டிய மூடச் சொல்லுங்க. பாப்பாவுக்கு ரெண்டு தபா மலேரியா வந்துட்ச்சு."

அவர் இரண்டடி பின்னால் போனார். "மலேரியாவா? அத ஏன் இங்க அழைச்சுண்டு வர? எங்காத்துலயும் குழந்தை இருக்கு. குப்பத்துலேர்ந்து கொண்டுவந்து ஒட்ட வெக்காதே."

கீழே வாட்ச்மேன் காதுக்கும் போயிருந்தது. "இன்னாம்மா, கொசுவுக்கும் பஸ்ல டிக்கெட் எடுத்து இட்டாந்தியா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வேலையை விட்டால் சோறு இல்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். அழுவாள். ஆனால் வலைக்குள் இருக்கிறாள்.

தொட்டி இன்னும் திறந்துதான் கிடக்கிறது. துணி துவைக்கிற கல் அதன் பக்கத்தில். உட்கார்ந்தால் கணுக்காலில் கொசு கடிக்கும். கையெல்லாம் சோப்பு நுரை, அடிக்கவும் முடியாது. வயிற்றுப் பிள்ளைக்கு இப்போது ஆறு மாதம் ஆகிறது. குனியும்போது உதைக்கிறது.

கதவில் டிக் அழியாமல் இருக்கிறது. வலை வீட்டில் இருக்கிறது.