சேற்றில் இறங்காத சிறுத்தை

திருநகரைத் தாண்டும்போதே செருப்பு வார் அறுந்துவிட்டது. கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். நான் மேய்த்த ஆடுகளை முதலாளி மொத்தமாக விற்றுவிட்டார். ஆடு இல்லாத இடத்தில் மேய்க்கிறவனுக்கு என்ன வேலை? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதிலிருந்து இப்படி எத்தனையோ இடங்களை விட்டு நடந்திருக்கிறேன். பாதி வழி நடை, மீதி வழி வைக்கோல் லாரி. பொழுது சாயும் முன் சோழவந்தான் வந்துவிட்டேன்.

வேலை கேட்கலாம் என்று டீக்கடைக்குப் போனால் எல்லார் கண்ணும் ஒரு போனில் இருந்தது. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் சிறுத்தை நடக்கும் வீடியோ. காலையிலிருந்து ஊரில் எல்லார் போனிலும் சுற்றுகிறதாம். கொடிக்கால் வைத்திருந்த ஒரு அக்கா, இலை கிள்ளும் ஆட்களிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். இலை முற்றி நின்றது. மறுநாள் கிள்ளாவிட்டால் பழுத்து வீணாகிவிடும்.

“உசிரு இருந்தாத்தானக்கா இலை கிள்ள முடியும்” என்றார் ஆட்களில் ஒரு மீசைக்காரர்.

நானும் பார்த்தேன். அகத்தி மரங்கள், அவற்றில் ஏறிய கொடி, நடுவே வாய்க்கால், எல்லாம் இந்த ஊர் போலவே இருந்தன. முதலில் நானும் நம்பிவிட்டேன். இன்னொரு தடவை போடச் சொல்லி, சிறுத்தையின் முகத்தை விட்டுக் காலைப் பார்த்தேன். மேய்த்த பழக்கம். நொண்டும் ஆட்டை முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

வைத்த கால் வைத்த இடத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. தோள்பட்டை ஏறி இறங்கவில்லை. உடம்பு உரசியும் ஒரு கொடி அசையவில்லை.

“அண்ணே, இது பொய்யி. நடை சரியில்ல.”

“சிறுத்தை நடை ஒனக்கு எப்படித் தெரியும்? நீ அதுக்கு மாப்ளயா?” என்றார் மீசைக்காரர்.

கடையே சிரித்தது. நேரில் சிறுத்தையைப் பார்த்ததே இல்லை என்றேன். இன்னும் சிரித்தார்கள். கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“சிறுத்தைய விடுங்கண்ணே. அந்தச் சேத்துல நீங்க வெறுங்கால வச்சா எம்புட்டு இறங்கும்?”

“கணுக்கால் வரைக்கும்.”

“இது எம்புட்டு இறங்குது, பாருங்க.”

மீசைக்காரர் போனை வாங்கி நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். நாலு காலும் சிமெண்டுத் தரையில் போவதுபோல் போயின. வாய்க்கால் தண்ணீர் கலங்கவே இல்லை.

“அட, ஒரு சொட்டுத் தெறிக்கலயே” என்றார் எட்டிப் பார்த்த ஒருவர்.

மீசைக்காரர் மட்டும் முழுசாக நம்பவில்லை. “வாரோம். ஆனா நீதான் முன்னால போகணும்.”

“போறேன்” என்றேன். அக்கா உடனே எனக்கு டீயும் பன்னும் சொன்னார்.

“பலி ஆட்டுக்குத் தீனி போடுறியாக்கா?” என்றார் மீசைக்காரர்.

விடிந்ததும் அறுந்த செருப்பை அக்காவின் கொடிக்கால் வரப்பில் வைத்துவிட்டு வாய்க்காலில் இறங்கினேன். கணுக்கால் வரை புதைந்தது. வீடியோ பொய் என்பதால் நிஜச் சிறுத்தை இல்லை என்று ஆகிவிடாதே. சேற்றில் நாய்த் தடமும் கொக்குத் தடமும் இருந்தன. வேறொன்றும் இல்லை. கடைசிவரை போய்த் திரும்பிக் கை காட்டினேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர்கள் வந்த வழியெல்லாம் கொடிகள் அசைந்தன.

“நடை பாத்தது போதும் மாப்ள. காம்போட கிள்ளு” என்று மீசைக்காரர் எனக்கும் ஒரு வரிசையைக் காட்டினார். கிள்ள ஆரம்பித்தேன்.