சூடு என்று அவர் போட்ட கூச்சல்

எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கத்தில் ‘சூடு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் வந்துவிட்டது. அறுத்த நெற்கதிரைக் கட்டுக் கட்டாக அடுக்கி, மிதித்து நெல்லைப் பிரிக்கும் வரைக்கும் களத்தில் குவித்து வைப்போமே, அது எங்களுக்கு எந்தக் காலத்திலும் சூடுதான். பிறகு சண்டை வந்து, துவக்கு வெடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. அதற்கும் அதே சொல்லைக் கொடுத்தோம். “றோட்டிலை சூடு நடக்குதாம்” என்று யாராவது சொன்னால் போதும், கதவைச் சாத்திக்கொண்டு நிலத்தில் படுத்துவிடுவோம். ஒரே சொல் என்றைக்காவது காலை வாரிவிடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கிளிநொச்சியில் காணி பெற்ற குடும்பம். எங்கள் களத்துக்கு அடுத்த, தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலில் மலைநாட்டிலிருந்து வந்த ஒருத்தி கைக்குழந்தையோடு இருந்தாள். அங்கே தமிழரை அடித்து விரட்டிய கலவரத்தில் அவளுடைய வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு ஆட்கள் உள்ளே வந்திருந்தார்கள். அதற்குமேல் அவள் எதுவும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எங்களுக்குள் இருந்த பழக்கமெல்லாம் அவளுடைய ஆட்டால் வந்தது. அது கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து என் மிளகாய்க் கன்றுகளைத் தின்னும். நான் வேலியில் நின்று கத்துவேன். அவள் ஓடிவந்து இழுத்துக்கொண்டு போவாள்.

அது சிறுபோக அறுவடை முடிந்த நேரம். சோளகக் காற்று பகல் முழுவதும் மனிசரைச் சும்மா இருக்கவிடாமல் அடித்தது. நான் குசினியில் இருந்தேன். களத்திலிருந்து என் கணவர் கத்தினார்.

“சூடு! சூடு! ஓடியாங்கோ, சூடு!”

காற்று முதல் சொல்லை மட்டும்தான் கொண்டுவந்தது. அக்கம்பக்கத்தில் கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. நானும் அடுப்படியில் குப்புறப் படுத்துவிட்டேன். பிறகுதான் வைக்கோல் புகை மணத்தது. துவக்குச் சூட்டுக்கு அந்த மணம் ஏது? எழுந்து ஓடினேன். நெற்சூட்டின் ஒரு பக்கம் எரிந்துகொண்டிருந்தது. அவர் ஒற்றை வாளியோடு நின்று, உதவிக்கு வராத ஊரையே திட்டிக்கொண்டிருந்தார்.

“நெருப்பு! நெருப்பு!” என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். அதன் பிறகே சனம் வந்தது. தீயணைப்பு வண்டியை நாங்கள் சினிமாவில்தான் கண்டிருந்தோம். கிணற்றிலிருந்து கைமாறிக் கைமாறி வந்த தண்ணீர் முழுவதும் நெற்சூட்டுக்கே போனது.

எனக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளாத கண். “கோழி மாதிரி முழுசாதை” என்று அவர் பகிடி பண்ணுவார். அன்றைக்கும் எல்லாரும் நெருப்பையே பார்த்துக்கொண்டு நிற்க, நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொறி எங்கே போய் விழுகிறது என்று பார்த்தேன். அவளுடைய கூரையில் விழுந்துகொண்டிருந்தது. கதவோ உள்ளே பூட்டியிருந்தது.

“சூட்டை விடுங்கோ! அந்தக் கொட்டிலுக்கு ஊத்துங்கோ!”

“உனக்கென்ன விசரே? ஒரு போகம் முழுக்க எரியுது!” என்றார் அவர்.

“எரியட்டும்! அங்கை குழந்தை கிடக்குது!”

அப்படிச் சொல்லிவிட்டேன், ஆனால் எரிந்தது நெல். அது எங்கள் சோறு.

ஆண்கள் ஓடிப்போய்க் கதவில் அடித்தார்கள். “திற! கெதியா வெளியிலை வா!” உள்ளே றங்குப் பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் சத்தம்தான் கேட்டது. களத்து வேலியின் மூங்கில்கள் தீயில் கணுக் கணுவாக டப் டப்பென்று வெடித்தன. கூரை ஓரம் பிடித்துவிட்டது. ஒருவர் கோடாலி எடுக்க ஓடினார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு இது நெருப்பே இல்லை. வெடிச்சத்தம், ஆண் குரல்கள், கதவில் அடி. அந்தப் பழைய நாள் திரும்பி வந்திருக்கிறது. கோடாலி கதவில் விழுந்தால் குழந்தையோடு இன்னும் உள்ளுக்குள்தான் ஒடுங்குவாள்.

“எல்லாரும் வாயை மூடுங்கோ! தள்ளி நில்லுங்கோ!” என்று அவர்களை விலக்கிவிட்டு, மண்சுவரோடு ஒட்டி நின்று என் வேலிக் குரலை எடுத்தேன்.

“இந்தா! உன்ரை ஆடு கயிறு அறுத்துப்போட்டுது! என்ரை மிளகாய்க் கண்டு முழுக்கத் தின்னுது! வந்து பிடிக்கிறியோ இல்லையோ?”

அந்தக் கோபம் நடிப்பில்லை. எனக்குப் பின்னால் எங்கள் நெல் எரிந்துகொண்டிருந்தது.

பெட்டி நகர்ந்தது. கதவு திறந்தது. “இந்தா வந்துட்டேன்க்கா, கோவிச்சுக்காதீங்க” என்று குழந்தையை இடுப்பில் வைத்தபடி வெளியே வந்தவள், தலைக்கு மேல் கூரை எரிவதைக்கூடப் பார்க்காமல் ஆட்டைத் தேடினாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். ஆடு தன் பாட்டுக்கு வேப்பமரத்தடியில் கட்டியபடியே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

நெற்சூடு சாம்பலானது. கொட்டிலிலும் சுவர்தான் மிஞ்சியது. அவர் கனநாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனாலும் எங்கள் வீட்டு வளவிலேயே அவளுக்குப் புதுக் கொட்டில் போட்டுக்கொடுத்தவரும் அவர்தான்.

பிறகொரு காலை, எங்கள் வீட்டு வாசல் ஒழுங்கையில் உண்மையாகவே துவக்குச் சூடு நடந்தது. அவர் சந்தைக்குப் போயிருந்தார். நான் கதவைப் பூட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே கிடந்தேன். சத்தம் ஓய்ந்தும் நான் வெளியே வரவில்லை. கதவில் யாரோ தட்டினார்கள். இன்னும் உள்ளுக்கு ஒடுங்கினேன். மறுபடியும் தட்டினார்கள்.

“அக்கா, உங்க ஆடு கயித்த அறுத்துக்கிச்சு. வந்து புடிங்க.”

நான் ஆடு வளர்த்ததே இல்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.