எல்லைக்கு வராத ஊசி

நாற்பதுகளில் ஒரு சித்திரை. மாடுகளுக்கு வெக்கை நோய் கண்டது. தடுப்பூசி போட, செஞ்சிக் கோட்டை அடிவாரத்துக்கு ஓட்டி வரச் சொன்னார் மாட்டு டாக்டர். எங்கள் ஊரிலோ திரௌபதியம்மனுக்குக் காப்புக் கட்டியாயிற்று. தீமிதி முடியும்வரை மாடு கன்று எல்லையைத் தாண்டக் கூடாது.

என் அப்பா, நைனா, நடந்தே போய்க் கெஞ்சினார். "எல்லை வரைக்கும் வந்தா போதும் சாமி, நாங்க அங்க ஓட்டியாந்துடறோம்."

"அப்போ உங்க அம்மனையே ஊசி போடச் சொல்லு" என்றார் டாக்டர்.

எங்கள் தொழுவம் காலியானது. தீமிதி பார்க்க அதே மனுஷன் குடும்பத்தோடு வில்வண்டியில் வந்தார். மாடுகளை அவசரத்தில் புதைத்த மேட்டை ஒட்டித்தான் பாதை. மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியவர், வரவேற்க நின்ற நைனாவிடமே கேட்டார்:

"என்னய்யா இப்படி நாறுது உங்க ஊரு?"