நெஞ்சு தந்தவனுக்கு ஒரு பூசை

சென்னையில் இதயம் மாற்றிக்கொண்டு நான் ஊர் திரும்பியபோது கடற்கரையே திரண்டு வந்து பார்த்துவிட்டுப் போனது. "ஆம்பளப் பிள்ளைக்க நெஞ்சாமே, இனி மீசை மொளைக்குமாக்கும்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மைனி. "மொளைச்சா மொதல்ல ஒனக்குத்தான் காட்டுவேன்" என்றேன். சிரித்தால் தையல் வலித்தது. ஆனாலும் சிரித்தேன்.

மீன் கடவப்பெட்டியைத் தலையில் சுமந்து திருவட்டாறு பக்கமெல்லாம் தெருத்தெருவாக விற்றவள் நான். நெஞ்சு வீங்கிப்போய், வீட்டு வாசலைத் தாண்டினாலே மூச்சு முட்டி உட்கார்ந்துவிடுவேன் என்ற நிலைக்கு வந்தேன். பைக்கில் விழுந்து மூளைச்சாவு அடைந்த ஒரு பையனின் வீட்டார் சம்மதித்ததால் பிழைத்தேன். அவன் பெயரை டாக்டர்கள் சொல்லவில்லை. சொல்லக் கூடாதாம். நெஞ்சிலடித்து அழுகிற நேரத்திலும் அந்த வீட்டார் "சரி, எடுத்துக்கோங்க" என்று சொல்லியிருக்கிறார்களே! எங்கள் கடற்கரையில் அப்படிச் சொல்ல ஒரு ஆள் உண்டா? ஒரே ஒரு ஆளையாவது சொல்ல வைக்காமல் சாகமாட்டேன் என்று எனக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது.

கிருமி தொற்றிவிடக் கூடாதென்று மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு, தெருக்காரர்கள் கூடும் அன்பியச் செபக் கூட்டத்தில், ரேஷன் கடை வரிசையில், பஸ்ஸில், எங்கும் பேசினேன். உச்சுக்கொட்டிக் கேட்பார்கள். "நீ நல்லாயிரு மக்கா" என்பார்கள். "ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ குடுப்பியா?" என்று கேட்டால் மட்டும் அடுப்பில் குழம்பு கருகுகிற ஞாபகம் வந்துவிடும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கென்ன, எங்கள் ஊரிலா குடியிருக்கிறார்?

அப்படியே கல்லறைத் திருநாள் வந்தது. அன்று பூசை கல்லறைத் தோட்டத்திலேயே நடக்கும். அவரவர் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றி நிற்போம். இறந்தவர்களின் பெயர்களைக் கோயில் உபதேசியார் ஒவ்வொன்றாக வாசிப்பார். அந்தப் பையனுக்காக நானும் பூசைக்குக் காணிக்கை கொடுத்து, 'எனக்கு நெஞ்சு தந்தவர்' என்று வாசிக்கச் சொல்லியிருந்தேன். கடைசிவரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் வாசிக்கவே இல்லை.

பூசை முடிந்ததும் நேரே அவரிடம் போனேன். "உபதேசியாரே, எனக்க பிள்ளைய ஏன் வாசிக்கல்ல?"

"அதான் கடைசில 'யாரும் நினையாத ஆன்மாக்கள்'னு வாசிச்சேனே. பேரு இல்லாதவங்க எல்லாம் அதுல வந்தாச்சு."

எனக்கு மண்டைக்குள் சூடேறியது. "யாரும் நினையாதவனா? எந்திச்சா, கெடந்தா, நான் அவனத்தான் நினைக்கேன்! அவன் துடிக்கல்லன்னா நான் இந்தா, இந்தக் குழிக்குள்ள கெடக்கணும்!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மானம் போனது போனதுதான் என்று மாஸ்க்கை இறக்கிவிட்டு எல்லோரையும் பார்த்துக் கேட்டேன். "இத்தன பேரு நிக்கியளே, மண்ணு திங்கப்போறத ஒரு உயிருக்குக் குடுக்க ஒருத்தர் கூடயா இல்ல?"

உபதேசியார் பொறுமையாகத்தான் சொன்னார். "கோவப்படாத மக்கா. குடுக்க மனசில்லாம இல்ல. கடைசி நாள்ல ஆண்டவரு எழுப்பும்போ நாம உடம்போட எந்திக்கணுமே. கண்ணும் நெஞ்சும் இல்லாம எப்பிடி எந்திக்க?"

பலர் தலையாட்டினார்கள். ஆஸ்பத்திரியில் சொல்லித்தந்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. தோற்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். என்னோடு மீன் விற்றவள். கடலுக்குப் போன புருஷன் திரும்பி வராதவள்.

"உபதேசியாரே, எனக்க மாப்பிளைக்க ஒரு எலும்பு கூட கிட்டல்ல. பெட்டிக்குள்ள அவருக்க சட்டையும் வேட்டியும் வச்சுத்தான் அடக்கினோம். நீங்களும் நின்னு செபம் சொன்னிய. அவரு கடைசி நாள்ல எந்திப்பாரா, மாட்டாரா?"

உபதேசியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "எந்திப்பாரு பிள்ளே. நிச்சயமா எந்திப்பாரு."

"அப்போ நானும் எந்திப்பேன்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "கடலு எங்கிட்ட கேக்காமலே எடுத்துச்சு. நீ கேக்கியல்லா? நான் தாரேன்."