பிக்கப்பில் பூட்டிய அன்ரனா

என் கணவரின் குரலை நான் முதன்முதலாக ஒழுங்காகக் கேட்டது, கல்யாணம் முடித்துப் பல வருடங்கள் கழித்து, இரணைமடுக் குளத்து அணைக்கட்டோரம் நிறுத்திய பிக்கப்புக்குள் இருந்துகொண்டுதான். அதுவரை வீட்டில் அவர் பேசியதெல்லாம் "ஓம்", "இல்லை", "தேத்தண்ணி இருக்கோ" என்ற அளவுக்குள் அடங்கிவிடும். மிச்சக் கதை எல்லாவற்றையும் அவருக்கும் சேர்த்து நானே கதைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் குறையும் இருக்கவில்லை.

எங்கள் வீடு உருத்திரபுரத்தில். வயல் அங்கில்லை. குளத்துக்கு அப்பால், காட்டோரமாக இருக்கிறது. அது அவருடைய தகப்பன் காடு வெட்டி எடுத்த காணி. மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருவரின் தேயிலையில் கொழுந்து பறித்த குடும்பம் அது. இடம்பெயர்ந்து முதலில் கனகராயன்குளத்துப் பக்கம் வந்து, பிறகு இங்கே வந்தார்கள். அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் என்று கிடைத்த முதல் மண் அந்த வயல்தான். மாரி மழையோடு காலபோக விதைப்புத் தொடங்கினால் அவர் வயலில் இருக்கிற காவல் கொட்டிலுக்குப் போய்விடுவார். நெல்லை வீட்டுக்குக் கொண்டுவரும்வரை அங்கேதான் இருப்பார்.

போன போகத்தில் யானை ஒன்று வந்து கொட்டிலைச் சரித்துவிட்டது. இவர் பாய்ந்த பாய்ச்சலில் வாய்க்காலுக்குள் விழுந்து இடது முழங்கால் போய்விட்டது. இப்போது நடப்பார், ஓடமாட்டார். கிளச்சை மிதிக்க முடியாது என்பதால் பிக்கப் என் கைக்கு வந்தது. நான் வண்டி ஓடப் பழகி, சந்தைக்கு மரக்கறியும் வாழைக்குலையும் ஏற்றி இறக்கத் தொடங்கினேன். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த மழை விழுந்ததும் மனிசன் கொட்டிலுக்குப் போக உடுப்பு மடிக்கிறார்.

"ஓடேலாத காலோட யானைக்குப் பக்கத்தில போய் இருக்கப்போறியளோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார்.

அங்கே ஃபோன் எடுக்காது. ஒரு பாலை மரத்தின் உச்சியில் ஏறினால் ஒரு கோடு சிக்னல் வரும் என்று சொல்வார்கள். அந்தக் காலை வைத்துக்கொண்டு மரத்தில் ஏறுவது எப்படி? மூன்று நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு நானே இறங்கி வந்து ஒரு நிபந்தனை போட்டேன்.

"ஒவ்வொரு பின்னேரமும் உங்கட குரல் எனக்குக் கேக்கவேணும். ஒரு நாள் கேக்காட்டிலும் வயலைக் குத்தகைக்குக் குடுத்திட்டு நீங்கள் வீட்டை வாறியள்."

அவர் ஓமென்று தலையை ஆட்டினார். வயல் போனால் அந்த மனிசன் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

யானைத் தொல்லைக்காக எங்கள் பக்கத்து வயல்காரர்களின் கமக்காரர் அமைப்பு, அலைந்து திரிந்து அனுமதி எடுத்து, ஆளோடு ஆள் கதைக்கிற ரேடியோ செட்டுகள் சிலவற்றை வாங்கியிருந்தது. ஒன்றைக் கொட்டிலில் வைத்தார்கள். ஒன்று எங்கள் பிக்கப்புக்குக் கிடைத்தது. செட் கிடைத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். முல்லைத்தீவில் படகு ரேடியோ திருத்துகிற என் அண்ணா சிரித்தார்.

"செட் வாய் மட்டும்தான் தங்கச்சி. காது அன்ரனாவில கிடக்கு" என்று சொல்லி, அடுத்த ஞாயிறே மூன்று அன்ரனாக்களோடு வந்து இறங்கினார்.

முதலாவது, அடியில் காந்தம் வைத்த குட்டை அன்ரனா. கூரையில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், துளை போடத் தேவையில்லை என்றார். எனக்கு உடனே பிடித்துவிட்டது. வைத்தோம். அது மெல்ல மெல்ல வழுக்கி, கண்ணாடி வழியாக இறங்கி, முன் பொனற்றில் வந்து விழுந்தது. எங்கள் பிக்கப்பின் கூரையில் தகரத்தை விட, நெளிவு எடுத்த ரிங்கர்காரன் அப்பிய பட்டிப் பசைதான் கூட. பட்டியில் காந்தம் எங்கே ஒட்டும்? அண்ணா கூரையெங்கும் தட்டித் தட்டி நல்ல தகரம் தேடினார். வயிற்றுவலிக்காரனின் வயிற்றை வைத்தியர் தட்டுவது போல இருந்தது. கடைசியில் கையை விரித்துவிட்டார்.

இரண்டாவது, படகில் பூட்டுகிற வெள்ளைத் தடி. நின்றால் எங்கள் முற்றத்து முருங்கையைத் தொட்டது. நீளம் கூடினால் தூரமும் கூடும் என்று அண்ணா அதற்காக வாதாடினார். கணவர் அந்தத் தடியைத் தூக்கி, வயல் பாதையில் மரக்கொப்புகள் நிற்கிற உயரத்துக்குக் கையைக் காட்டி, அது முறிகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வாயால் போட்டார். வாதம் முடிந்தது.

மூன்றாவது, அடியில் சுருள்வில் வைத்த உருக்குக் கம்பி. என் உயரத்தை விடக் கொஞ்சம் குறைவு. தட்டினால் வளைந்து, ஆடி, திரும்பவும் நிமிர்ந்து நின்றது. கொப்பில் பட்டாலும் இப்படித்தான் நிமிரும் என்று அண்ணா சொன்னார். அது ஆடி அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். விழுந்து எழும்புகிற ஒன்றுதான் எனக்கு அந்த நேரம் வேண்டியிருந்தது. "இதுதான்" என்றேன்.

கூரை சரிவராததால், சாமான் சாயாமல் இருக்கக் கூரைக்குப் பின்னால் ஒட்டியிருந்த இரும்புச் சட்டத்தில் பூட்டுவது என்று முடிவானது. துளை போட்ட இடத்தைச் சுற்றி அண்ணா பெயின்றை அரத்தால் சுரண்டினார். போன வருடம்தான் நீலம் அடித்திருந்தோம். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"உந்தக் கம்பி அரைவாசிதான் தங்கச்சி. மற்ற அரைவாசி வண்டியின்ர உடம்பு. அடியில வாற பூட்டும் சட்டமும் இரும்போட இரும்பாத் தொடாட்டி இது சும்மா கொடிக்கம்பி. கம்பி மட்டும் உடம்பில தொடக்கூடாது, அதுக்குத்தான் நடுவில இந்தப் பிளாஸ்ரிக் வளையம்."

கேபிளைக் கதவு றபருக்குள்ளால் நுழைத்து உள்ளே எடுத்தார். ஒரு சின்ன மீற்றரை வைத்து, அதன் முள்ளைப் பார்த்துப் பார்த்து, கம்பியின் நுனியை அரிசி அளவு அரிசி அளவாக வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும் நான் மூச்சைப் பிடித்தேன். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாதல்லவா. முள் இறங்கிப் படுத்ததும், நீளம் சரி என்று செட்டின் குமிழை முறுக்கினார். தகரக் கூரையில் மழை விழுவது போன்ற இரைச்சல் பிக்கப்புக்குள் நிறைந்தது.

அந்த மழைக்குள்ளிருந்து யாரோ ஒரு பெண் சிரித்தாள்.

எந்த மொழி என்று தெரியவில்லை. இரண்டு சொல் சொன்னாள், சிரித்தாள், கரைந்துபோனாள். சில நாட்களில் சத்தம் வானத்தில் பட்டுத் திரும்பிக் கடல் தாண்டியும் வரும் என்று அண்ணா சாதாரணமாகச் சொல்லிவிட்டு இடியப்பம் சாப்பிடப் போய்விட்டார். நான் போகவில்லை. அந்தப் பெண்ணும் எங்கேயோ ஒரு குளத்தங்கரையில், பட்டி அப்பிய வண்டிக்குள் இருந்து, வாய் திறக்காத ஒரு மனிசனின் குரலுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் மத்தியான வெயிலில் சந்தை வாசலில் நிற்கும்போது செட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். சில நாளில் ஆண்கள் சண்டை பிடிப்பார்கள், சில நாளில் ஒருவர் எண்களை எண்ணிக்கொண்டே இருப்பார். அந்தப் பெண் மட்டும் பிறகு வரவேயில்லை.

உருத்திரபுரத்து முற்றத்திலிருந்து கொட்டிலுக்குச் செட் எடுக்கவில்லை. அணைக்கட்டுப் பக்கம் போனால் தெளிவாக எடுத்தது. அதனால் சந்தை முடிந்து திரும்பும்போது குளத்தடிக்குப் போவது வழக்கமானது. வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு மைக்கை எடுப்பேன். மீன்பிடி வள்ளங்கள் கரைக்கு வந்துகொண்டிருக்கும். நீர்க்காகங்கள் பட்ட மரங்களில் சிறகை விரித்துக் காயவைத்திருக்கும். குளத்துக் காற்றுக்குக் கம்பி என் தலைக்குப் பின்னால் மெல்லச் சீட்டியடிக்கும்.

இந்தச் செட்டில் ஒருவர் பொத்தானை அமத்திப் பேசினால் மற்றவர் கேட்கத்தான் வேண்டும், இடையில் புகமுடியாது. பேசி முடித்ததும் "ஓவர்" சொல்லவேண்டும் என்று அண்ணா இருவருக்கும் படிப்பித்திருந்தார். என் கணவருக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. அவர் "முடிஞ்சுது" என்பார்.

முதல் நாள் "இருக்கிறன். முடிஞ்சுது" என்றார். இரண்டாம் நாள் மயில் வந்ததைச் சொன்னார். பிறகு வாய்க்கால் தண்ணீர், கொட்டிலுக்கு மேலே வந்த நிலா, சின்ன வயதில் தேயிலை மலையில் பார்த்த பனி என்று ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் வாயடைத்துப்போய் இருந்தேன். தன் தாய் மலையகத் தமிழில் பேசுவது போல என்னை "புள்ள" என்றுகூடக் கூப்பிட்டார், வீட்டில் ஒருநாளும் கூப்பிடாத மனிசன். இத்தனை வருடமும் அவருக்குக் கதை இல்லாமல் இருக்கவில்லை, நான்தான் இடம் விடவில்லை போலும் என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கருக்கலில் வீட்டுக்கு வண்டி ஓடும்போது றோட்டு, மரம், மாடு எல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிவது போல இருக்கும்.

நெல் குடலை தள்ளி, கதிர் வெளிவரப் பார்க்கிற காலத்தில் ஒருநாள் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்து, தலை முழுகவைத்து, விடியற்காலையில் திரும்பக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் விட்டேன். பக்கத்து வயல்காரப் பெண் பூசணிக்காய் தருவதாகச் சொல்லியிருந்தாள். அதை எடுக்க நான் போன நேரத்தில் அவர் பசளை உர மூட்டைகளை இறக்கிவைத்தார். மழைப் படங்கைச் சுருட்டிக் கூரைக்குப் பின்னால் இருந்த சட்டத்தில் போட்டிருந்தார். நான் அதை அவர் போட்டபடியே கயிற்றால் கட்டிவிட்டு, வண்டியைச் சந்தைக்கு எடுத்துவிட்டேன்.

அன்று சந்தையில் ஒருவர், காட்டுப் பக்கம் யானைக் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று சொன்னார். மனம் பதைத்தாலும், செட் இருக்கிறதுதானே என்று என்னையே தேற்றிக்கொண்டேன். வழக்கத்தை விட முன்னுக்கே அணைக்கட்டுக்குப் போனேன். மைக்கை எடுத்துக் கூப்பிட்டேன். செட்டின் மழைச் சத்தம் மட்டும் வந்தது. திரும்பவும் கூப்பிட்டேன். இறங்கி, பற்றரி வயரைப் பார்த்தேன், செட்டின் பின்பக்கம் கேபிளை இறுக்கினேன். அன்ரனாவை அண்ணாந்து பார்த்தேன். படங்குக்கு மேலே கம்பி நிமிர்ந்துதான் நின்றது. பிழை இந்தப் பக்கம் இல்லை என்றால் அந்தப் பக்கம்தான் என்று நினைத்ததும் வண்டிக்குள் பாய்ந்து ஏறினேன்.

அந்தக் காட்டுப் பாதையில் நான் அவ்வளவு வேகமாக ஒருநாளும் வண்டி ஓடியதில்லை. பள்ளத்தில் விழுந்து எழும்பும்போதெல்லாம் முன்பொருமுறை வயலைக் குத்தகைக்குக் கேட்டிருந்த ஒருவரின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. நாளைக்கே கொடுத்துவிடுவேன். என் மனிசன் உயிரோடு இருந்தால் கொடுத்துவிடுவேன். கொப்புகள் கூரையில் அடித்தன.

வெயில் சாய்கிற நேரம் போய்ச் சேர்ந்தேன். மனிசன் கொட்டில் வாசலில், செட்டுக்கு முன்னால் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு முழங்காலை நீட்டி இருந்தார். என்னைக் கண்டதும் தடியை ஊன்றி எழும்பினார். முகம் வெளுத்துப்போய் இருந்தது.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடுறன். வண்டி எங்கயும் பிரண்டிட்டுதோ எண்டு..." என்று தொடங்கி, வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் ஏச வாயைத் திறந்தேன். அதே நேரம் பாதையில் பட்ட அடியில் கட்டு அவிழ்ந்து படங்கு வழுக்கி விழுந்தது. அன்ரனாவின் அடியில் பச்சையாகவும் மஞ்சளாகவும் ஏதோ தொங்கியது. ஒரு எலுமிச்சம்பழம், ஏழெட்டுப் பச்சை மிளகாய். நூலில் இல்லை, கட்டுக்கம்பியில் கோர்த்திருந்தது. ஆடாமல் இருக்கட்டும் என்று அந்தக் கம்பியை இரும்புச் சட்டத்தில் இரண்டு சுற்று, சுருள்வில்லுக்கு மேலே அன்ரனாவில் நான்கு சுற்று, இறுக்கிச் சுற்றியிருந்தது. அண்ணா பிளாஸ்ரிக் வளையம் வைத்துப் பிரித்துவைத்த இரண்டையும் யாரோ பக்தியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அதுதான் செட் ஊமையாகிவிட்டது.

அந்த யாரோ நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்களோ?"

"ஓம்."

"உங்களுக்கு உதில எல்லாம் நம்பிக்கை இல்லையே."

"எனக்கு இல்ல" என்றார். பிறகு மெல்ல, "நீ தனிய வண்டி ஓடுறாய். கண்ணூறு முதல் படுறது உயரமான இடத்திலதானே. அதுதான் அங்க கட்டினன்" என்றார்.

யானைக்குப் பக்கத்தில் ஓட முடியாத காலோடு இருக்கிற மனிசன், றோட்டில் வண்டி ஓடுகிற என்னை நினைத்துப் பயந்திருக்கிறார். வழியெல்லாம் சேர்த்துவைத்திருந்த ஏச்சு எனக்கு மறந்துபோனது. குத்தகைக் கதையை மட்டும் விழுங்க முடியவில்லை.

"ஒரு நாள் கேக்காட்டி வீட்டை வாறதெண்டுதானே கதை" என்றேன்.

"ஓம்" என்றார். வயலைத் திரும்பிப் பார்த்தார். குடலை தள்ளிய பயிர் வெயிலில் ஒரே பச்சையாக அசைந்துகொண்டிருந்தது. "சொன்னா சொன்னதுதான். உடுப்பை எடுக்கிறன்" என்று தடியை ஊன்றிக் கொட்டிலுக்குள் போனார்.

நான் பிக்கப்பின் பின்பக்கம் ஏறினேன். கட்டுக்கம்பியை ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினேன். எலுமிச்சம்பழத்தை எறிய மனம் வரவில்லை. முன் பம்பரில் கட்டினேன். பிறகு வண்டிக்குள் போய் இருந்து, செட்டைப் போட்டு, மைக்கை அமத்தினேன். கொட்டில் கூப்பிடு தூரம்கூட இல்லை.

"உடுப்பு மடிக்கவேண்டாம். நெல்லு வெட்டிற வரைக்கும் இருங்கோ. ஓவர்."

மழைச் சத்தம். அதன் நடுவில் அவர் மூச்சு விடுவது கேட்டது. கொட்டில் வாசல் எனக்கு நேரே தெரிந்தது. ஆனாலும் அவர் வெளியே வரவில்லை, செட்டில்தான் பேசினார்.

"புள்ள, இண்டைக்கு நீ வராமல் விட்டிருந்தா நான் உன்னைத் தேடி நடந்து வெளிக்கிட்டிருப்பன்."

வழக்கமாக அந்த இடத்தில் அவர் "முடிஞ்சுது" சொல்லவேண்டும். சொல்லவில்லை. பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டார் போல, மழைச் சத்தம் திரும்பவும் வந்தது.

"முடிஞ்சுதோ?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றார். "இன்னும் கதைக்கக் கிடக்கு."